மேல்செட்டை, கீழ்ச்செட்டை

போன கிழமை எங்கள் வகுப்புக் குழுவில் ஒரு கேள்வி வந்து விழுந்தது. வட்ஸ்அப்பில் வழக்கமாக நாங்கள் போடுவது என்ன என்று உங்களுக்குத் தெரியும். ரோசாப்பூப் படத்தோடு காலை வணக்கம், சீனி வருத்தத்துக்குக் கைமருந்து, யாருக்கோ பேரப்பிள்ளை பிறந்த செய்தி, யாரோ போய்ச் சேர்ந்த செய்தி. இவற்றுக்கு நடுவில் ஒருவன் கேட்கிறான்: "ரிமோட்டிலை பறக்கிற பைப்ளேன் கிட் ஒண்டு வாங்க யோசிக்கிறன். முதல் தரம் கட்டுறவனுக்கு எது நல்லது?"

கேட்டவன் யாழ்ப்பாணப் பட்டினத்து ரேடியோக்கடைக்காரரின் மகன். எங்களைப் போல அவனுக்கும் அறுபது தாண்டிவிட்டது. பிள்ளைகளைப் புத்தளத்தில் விட்டுவிட்டு, சோனகத் தெருவில் இடிந்து கிடந்த பழைய வீட்டைத் திருத்திக்கொண்டு மனைவியோடு திரும்பி வந்திருக்கிறான்.

நீங்கள் எல்லோரும் ஒரு நொடியில் விமான நிபுணர்கள் ஆகிவிட்டீர்கள். கனடாக்காரன், இரட்டைச் சிறகுப் பைப்ளேன் தொடக்கக்காரனுக்குச் சரிவராது, ஒற்றைச் செட்டைப் பிளேன் எடு என்றான். லண்டன்காரன், கட்டவே தேவையில்லை, பெட்டியைத் திறந்து பூட்டிவிட்டுப் பறக்கவிடலாம், வெள்ளை நுரை ரெஜிபோமில் எல்லாம் வருகிறது என்று நாலு படம் அனுப்பினான். வங்கி மனேஜராக இருந்து பென்சன் எடுத்தவர் அனுமதி, சட்டம் என்று பயமுறுத்தினார். ஒருவன் ஒன்றும் சொல்லாமல் சிரிக்கிற முகத்தை வரிசையாகப் போட்டான். நான் மட்டும் பதில் போடவில்லை.

ஏனென்றால் முதல் தரம் என்று அவன் எழுதியது பொய். இது அவனுக்கு இரண்டாந்தரம். முதல் தரம் கட்டிய பைப்ளேனில் பாதி என்னுடையது. அந்தக் கதை உங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவனுக்குப் பதில் சொல்லுமுன் அதைச் சொல்லவேண்டியிருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கப்பலில் வேலைசெய்த ஒரு சித்தப்பா இருந்தார், அப்பாவின் தம்பி. லீவில் எங்கள் ஊர் கோப்பாய்க்கு வந்தால் வீடே வேறு மணம் மணக்கும். சவர்க்காரம், சிகரெட், புதுச் சூட்கேசின் உட்பக்கம், எல்லாம் சேர்ந்த ஒரு மணம். எங்களுக்குப் பதின்மூன்று வயதிருக்கும், அந்த முறை அவர் இரண்டு சாமான்கள் கொண்டுவந்தார். ஒன்று, சிங்கப்பூர்க் கடை ஒன்றின் படப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் விளையாட்டு விமானங்கள், ஆனால் எல்லாம் உண்மையாகவே பறக்கிறவை. மற்றது ஒரு தகரப் பெட்டி. முன்னால் இரண்டு தடி, மேலே இழுத்துவிடுகிற ஆன்ரனா. விமானத்தைத் தரையில் நின்று ஓட்டுகிற பெட்டி அதுதான். கப்பலில் ஓர் அதிகாரி, பழுதாகிவிட்டதென்று கடலில் எறியப் போனாராம். சித்தப்பா பாய்ந்து வாங்கிவிட்டார்.

"இதைத் திருத்தினால், அடுத்த முறை வரேக்கை நான் பிளேன் கிட் ஒண்டு கொண்டு வாறன். ஒண்டுதான், ரெண்டு கேக்கப்படாது" என்றார்.

திருத்தக்கூடிய ஆள் யாழ்ப்பாணத்தில் ஒருவர்தான் என்று அப்பா நம்பினார், குழுவில் கேள்வி கேட்ட என் கூட்டாளியின் வாப்பா. அப்பா அவரை, சோனகர் அண்ணனை அழைப்பது போல, நானா என்பார். அவர் அப்பாவை மாஸ்டர் என்பார், அப்பா எங்கள் மிசன் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவர் அல்லவா. இரண்டு பேரும் கதைப்பதைக் கேட்டால் ஒருவருக்கொருவர் வாசற்கதவு திறந்துவிட்டு, நீங்கள் முதலில் போங்கோ, இல்லை நீங்கள் போங்கோ என்று நிற்கிற மாதிரியே இருக்கும். கடைசியில் ஒருவரும் உள்ளே போகமாட்டார்கள்.

பெட்டி திருந்தி வந்தது. அப்பா கூலி எவ்வளவு என்று கேட்டுக் கொடுக்கப் போனார், நானும் கூடப் போனேன். கடைக்குள் ஈயம் உருகுகிற மணம்.

"என்ன தரவேணும் நானா?"

"மாஸ்டர், உங்களிட்டைப் படிக்கிற பிள்ளையின்ரை வாப்பா நான். உதை என்னட்டைக் கேக்கக்கூடாது."

அப்பா அதற்குமேல் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சித்தப்பாவிடம் தீர்ப்புச் சொன்னார்: "வரப்போற பிளேனிலை சரிபாதி நானான்ரை மகனுக்கு."

இதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. சித்தப்பா படப் புத்தகத்தை விரித்து, உடம்புக்கு மேலே ஒற்றைச் செட்டை வைத்த ஒரு விமானத்தைக் காட்டினார். இன்றைக்குக் கனடாக்காரன் சொன்னதைத்தான் அன்றைக்கு அவரும் சொன்னார்.

"முதல் தரம் கட்டுற ஆக்களுக்கு உதுதான் நல்லது. கொஞ்சம் பிழைபாடாய்க் கட்டினாலும் பொறுத்துக்கொண்டு பறக்கும். பைப்ளேன் அப்பிடியில்லை, ரெண்டு செட்டையும் தங்களுக்குள்ளை ஒத்துப்போக வேணும்."

"ஒற்றைச் செட்டையை எப்பிடிச் சரிபாதியாக்கிறது?" என்று அப்பா கேட்டார். "வலப்பக்கத்தை நாங்கள் வைச்சுக்கொண்டு, இடப்பக்கத்தை அவையிட்டைக் குடுக்கிறதோ? மரியாதையில்லை."

சித்தப்பா சிரித்துச் சிரித்து இருமினார். ஆனால் அப்பா சிரிக்கவில்லை. பக்கங்களைப் புரட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு செட்டை வைத்த விமானத்தில் விரலை ஊன்றினார். இரண்டும் ஒரே நீளம், இரண்டும் முழுச்செட்டை. ஆளுக்கொன்று.

அப்படித்தான் நாங்கள் பைப்ளேனைத் தெரிவுசெய்தோம். உலகத்தில் வேறு யாரும் இந்தக் காரணத்துக்காக ஒரு பைப்ளேன் வாங்கியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. பிறகு மேல்செட்டை யாருக்கு என்று ஒரு போட்டி வந்தது. மேல்செட்டை நானாவின் மகனுக்கு என்றார் அப்பா. மாஸ்டர் மகன் இருக்கும்போது மேல் எங்களுக்கு வேண்டாம் என்றார் வாப்பா. கடைசியில் மேல்செட்டையும் வாலும் எனக்கு, கீழ்ச்செட்டையும் உடம்பும் அவனுக்கு என்று முடிந்தது. ரேடியோ உடம்புக்குள்தானே இருக்கவேண்டும், அதைச் சொல்லித்தான் அப்பா சமன்படுத்தினார்.

அடுத்த லீவில் சித்தப்பா பெட்டியைக் கொண்டுவந்தார். மூடியில், நீல வானத்தில் சிவப்பு விமானம் ஒன்று சரிந்து பறந்தது. திறந்தால் உள்ளே விமானம் இல்லை. தட்டைத் தட்டையான வெள்ளைப் பலகைகள், மெல்லிய குச்சிகள், கம்பி, ஒரு குட்டி இயந்திரம், மடித்த வரைபடம். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "உதென்ன, அடுப்புக்குச் சிராய் கொண்டு வந்திருக்கிறீரோ?" என்றார். நான் ஒரு பலகையைத் தூக்கினேன். கையில் ஏதோ இருக்கிறது என்ற உணர்வே வரவில்லை. எங்கள் வேலியில் நின்ற முள்முருக்குத்தான் எனக்குத் தெரிந்த பாரமில்லாத மரம். இது அதைவிடப் பாரம் குறைவு. மூக்கருகே வைத்தால் மாவின் மணம்.

சித்தப்பா முதல் விலாவை எப்படி வெட்டுவது, எப்படிக் குண்டூசி குத்தி ஒட்டுவது என்று காட்டினார். செட்டைக்குள் குறுக்கே வருகிற துண்டுகளைத்தான் விலா என்போம். பிறகு அவர் கப்பலேறப் புறப்பட்டார். வாசல் படலையில் நின்று கடைசியாகச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"தம்பி, ஒண்டை மட்டும் மறக்காதை. ரெண்டு செட்டையையும் ஒண்டாய்க் கட்டுங்கோ. விளங்கிச்சோ? ஒண்டாய்."

"விளங்கிச்சு" என்றது நான் அல்ல, அப்பா.

அப்பாவுக்கு விளங்கியது இதுதான்: இரண்டும் ஒன்றுபோல, ஒரே அளவாக இருக்கவேண்டும். கணித ஆசிரியருக்கு வேறென்ன விளங்கும்? அவர் ஒரே கடையில் ஒரே மாதிரி இரண்டு அடிமட்டம் வாங்கினார், எனக்கொன்று, அவனுக்கொன்று. வரைபடத்தில் இரண்டு செட்டையும் ஒரே தாளில் இருந்தன. அம்மாவின் தையல் கத்தரிக்கோலை எடுத்து, கோணாமல் நடுவால் வெட்டினார். கீழ்ப்பாதியை உருட்டி, நூல் கட்டி, "நானாட்டைக் குடு" என்று என் கையில் தந்தார். அந்தத் தாள் வெட்டுப்பட்ட சத்தம் எனக்கு அன்று கலியாண வீட்டுச் சீலை கிழிக்கிற சத்தம் மாதிரிச் சந்தோசமாகத்தான் இருந்தது.

எனக்குக் கிடைத்த வேலைமேசை, அலுமாரிக் கதவு. மேசையில் பசை பட்டால் அம்மா பேசுவார் என்பதால், உடைந்த பிணைச்சலைத் திருத்தக் கழற்றி வைத்திருந்த பழைய அலுமாரியின் கதவை அப்பா இரண்டு கதிரைமேல் படுக்கவைத்துத் தந்தார். முதிரை மரம், கல்லுப் போல இருந்தது. அதன்மேல் வரைபடம், அதன்மேல் பசை ஒட்டாமலிருக்க எண்ணெய்க் கடதாசி. கூட்டாளிக்கு வாப்பாவின் கடையின் பின்பக்க மேசை, ரேடியோக்கள் வயிறு திறந்து கிடக்கும் இடத்தில் ஒரு மூலை.

அவனோடு சேர்ந்திருந்து செய்ய எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? ஒருநாள் கேட்டேன்.

"அங்கை போய்க் கரைச்சல் குடுக்காதை" என்றார் அப்பா. "கடை நடத்திற மனிசன். நீ போய் நிண்டால் அவருக்குத் தொந்தரவு, வேலையை விட்டிட்டு உனக்குச் சோடா வாங்க ஓடுவார்."

மறுநாள் இடைவேளையில் அதைக் கூட்டாளியிடம் சொன்னேன். அவன் வாயைப் பிளந்தான்.

"எங்கடை வாப்பாவும் உதைத்தான் சொன்னவர், மச்சான். 'மாஸ்டர் வீட்டை போய்க் கரைச்சல் குடுக்காதை மகன், அது பிள்ளையள் படிக்கிற வீடு' எண்டு."

விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த வயதில் அது பெரிய பகிடி. அதன்பிறகு யார் எதைக் கேட்டாலும் "கரைச்சல் குடுக்காதை" என்பதுதான் எங்கள் பதில். ரீச்சர் கேள்வி கேட்டால்கூட ஒருவரையொருவர் பார்த்து வாயசைப்போம்.

ஆகவே எங்கள் தொழிற்சாலை பள்ளிக்கூடத்தில் நடந்தது. வெட்டிய விலாக்களைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோவோம். வேப்பமரத்தடியில் என்னுடையதையும் அவனுடையதையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்ப்போம். மயிர் அளவும் பிசகாது. அப்பாவின் அடிமட்டங்கள் அவ்வளவு நேர்மை. அவன் விலாக்களில் ஈய மணம் இருக்கும், என்னுடையவற்றில் நேற்றையச் சம்பல் மணம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் வேதக்கோயில் நாள், செட்டையைத் தொடக்கூடாது. அவனுக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளிவாசல். அதனால் திங்கட்கிழமைகளில் அவன் என்னைவிட இரண்டு விலா முன்னுக்கு நிற்பான், நான் எரிச்சலோடு ஓடிப் பிடிப்பேன்.

செட்டைக்குத் தோல் போடுவதற்கு, பட்டத்துக்கு ஒட்டுகிற மெல்லிய ரிசுப் பேப்பர். பெட்டியில் வந்தது நனைந்து கெட்டுவிட்டது. எனக்குப் பட்டம் கட்டி மிஞ்சிய நீலம் இருந்தது. அவனுக்குக் கடைத்தெருவில் கிடைத்தது ரோசா நிறம். மேலே பூசுகிற பசைத்தண்ணி வாழைப்பழ மணம் மணந்து, இரண்டு நாள் வீட்டில் எல்லோருக்கும் தலையிடி. முடிந்த செட்டையை அம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நீலத்துக்குள்ளால் விலாக்கள் வரிசையாகத் தெரிந்தன. "வடிவாய்த்தான் இருக்கு" என்றார். உண்மையிலேயே வடிவாக இருந்தது, அவனுடையதும் அப்படித்தான்.

சித்திரை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை காலை. வாரநாட்களில் கடை, வெள்ளியும் ஞாயிறும் கழிந்தால் இரண்டு வீட்டுக்கும் மிஞ்சுவது சனிதான். வாப்பா சைக்கிள் கரியரில் விமானத்தின் உடம்பைப் படுக்கை விரிப்பால் சுற்றிக் கட்டிக்கொண்டு, முன்பாரில் மகனை வைத்து, கீழ்ச்செட்டையை அவன் மடியில் கொடுத்து, பட்டினத்திலிருந்து கோப்பாய்வரை உழக்கி வந்தார். சேர்ட் முழுக்க வேர்வை. அம்மா உள்ளே வரச்சொல்லிக் கெஞ்சினார்.

"இல்லைத் தங்கச்சி, கரைச்சல் வேண்டாம். இதிலையே நல்ல நிழல்" என்று படலையடி மாமரத்தின் கீழ் நின்றார். தேநீரும் அங்கேதான் போயிற்று. அவர் நிற்கிறார் என்பதற்காக அப்பாவும் நின்றே குடித்தார்.

மாமரத்தின் கீழ் முதன்முதலாக இரண்டு செட்டையும் சந்தித்தன. கீழ்ச்செட்டையை உடம்பில் பொருத்தினோம். அதிலிருந்து நாலு தூண் எழும்பி மேல்செட்டையைத் தாங்கவேண்டும். மூன்று தூண் சிக்கலில்லாமல் பொருந்தின. நாலாவது எட்டவில்லை. ஒரு பெருவிரல் நகம் அளவு இடைவெளி. நானும் கூட்டாளியும் ஒருவரையொருவர் பார்த்தோம். தகப்பன்மார் மரியாதையாக வானிலை பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் நைசாக மேல்செட்டையை வளைத்துப் பிடித்தான், நான் தூணைச் செருகிப் பட்டத்துக்கு முச்சை கட்டுகிற மாதிரி நூலால் இறுக்கிக் கட்டினேன். நின்றது. எட்ட நின்று பார்க்க, நீலமும் ரோசாவும் ஒன்றின்மேல் ஒன்றாக, பெட்டி மூடியில் பறந்ததைவிட அழகாக இருந்தது.

அறுவடை முடிந்த வெளி. ஒட்டு வைக்கோல் காலைக் குத்தியது. உப்புத்தண்ணிப் பக்கமிருந்து சேற்று மணம், காற்று இல்லை. இயந்திரத்துக்கு ஊற்றுவது சித்தப்பா தகரத்தில் தந்த ஸ்பிரிட்டும் வீட்டு ஆமணக்கெண்ணெயும் கலந்த கலவை. ஆமாம், எங்களுக்கு விடுமுறை தொடங்கினால் மூக்கைப் பிடித்துப் பேதிக்குப் பருக்குவார்களே, அதே எண்ணெய்தான். கூட்டாளி விரலில் துணி சுற்றி விசிறியைச் சுண்டினான். சுண்டினான், சுண்டினான், திடீரென்று அது வீரிட்டுக் கத்தியது. ஆமணக்கெண்ணெய் எரிந்த அந்த மணம், இனிப்பும் கசப்புமாக, இன்றைக்கும் எங்காவது வந்தால் எனக்குக் கண் கலங்கும். பேதி நினைவு என்று பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள்.

நான் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஓடி எறிந்தேன். அவன் பெட்டியோடு நின்றான்.

அது பறந்தது, நண்பர்களே! நாங்கள் ஒட்டிய குச்சியும் கடதாசியும் பனைகளுக்கு மேலால் எழும்பின. அப்பா தொப்பியைக் கழற்றினார். வாப்பா "யா அல்லாஹ்" என்று சிரித்தார். பிறகு அது இடப்பக்கம் திரும்பியது. திரும்பிக்கொண்டே இருந்தது.

"வலத்தை இழுடா!"

"முழுக்க இழுத்துத்தான் பிடிச்சிருக்கிறன் மச்சான்! கேக்குதில்லை!"

ஒரு பெரிய வட்டம், பிறகு சின்ன வட்டம், பிறகு இடச்செட்டைகள் இரண்டும் நிலத்தைப் பார்த்தன. வரம்பில் போய்க் குத்தியது. ஓடிப்போய்ப் பார்த்தால் விசிறி முறிந்து, மூக்கு நசிந்து, நான் கட்டிய நூல் அறுந்து கிடந்தது. செட்டைகள் இரண்டுக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. பிரிந்து, ஆளுக்கொரு பக்கம் கிடந்தன.

தகப்பன்மார் வந்து சேர்ந்தார்கள். முதலில் வாய் திறந்தது வாப்பா.

"உது எங்கடை செட்டையின்ரை பிழை, மாஸ்டர். கீழ்ச்செட்டையிலைதான் எல்லாம் நிக்குது. உவன் அவசரக்காரன், ஒழுங்காய்க் கட்டியிருக்கமாட்டான்."

"இல்லை நானா, மேல்செட்டைதான். இவன் கணக்கிலையும் உப்பிடித்தான். எல்லாம் செய்துபோட்டுக் கடைசி வரியிலை பிழை விடுவான்."

"இல்லை மாஸ்டர், நான் பார்த்தனான்..."

"நானா, நான் சொல்லுறன் கேளுங்கோ..."

கூட்டாளி என் காதுக்குள் சொன்னான்: "ஒராள் எண்டாலும் மற்றவரைப் பேசினால் நல்லாயிருக்கும்."

கடைசியில் இருவரும் ஒத்துக்கொண்டது ஒன்றில்தான். அவரவர் செட்டையை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்துவது. வாப்பா ரோசாச் செட்டையை விரிப்பால் சுற்றிக் கட்டினார். நான் நீலத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வரம்பால் நடந்தேன். பின்னால் திரும்பிப் பார்த்தபோது சைக்கிள் தெருவில் ஏறிவிட்டிருந்தது.

திருத்த என்ன இருந்தது? அடிமட்டம் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனாலும் பிழை என்னுடையது என்று அப்பா சொல்லிவிட்டாரே, நான் ஒரு முனையை நனைத்துச் சற்று முறுக்கி வைத்தேன். தானும் அதையே செய்ததாகக் கூட்டாளி பிறகு சொன்னான், மற்றப் பக்கமாக.

அடுத்த வருடம் சித்தப்பா வந்தார். அலுமாரிக்கு மேல் கிடந்த நீலச் செட்டையைக் கண்டார்.

"மற்றது எங்கை?"

"அவங்கடை வீட்டிலை."

"எங்கை வைச்சுக் கட்டினனீங்கள்?"

"நான் இஞ்சை. அவன் தங்கடை கடையிலை."

சித்தப்பா செட்டையை நிலத்தில் வைத்து ஒரு மூலையை விரலால் அமர்த்தினார். எதிர்மூலை எழும்பியது. பிறகு அலுமாரிக் கதவை, இப்போது பூட்டியிருந்ததை, கன்னத்தை ஒட்டி ஒற்றைக் கண்ணால் பார்த்தார். அது பல வருட மழைக்கும் வெயிலுக்கும் மெல்ல முறுகியிருந்தது. அதன்மேல் கிடந்து காய்ந்த செட்டை அதன் முறுகலையே படித்துக்கொண்டது. கடை மேசை எப்படி முறுகியிருந்ததோ, கீழ்ச்செட்டை அதைப் படித்திருக்கும்.

"தனித்தனியாய்ப் பார்த்தால் ரெண்டும் நல்ல செட்டை" என்றார் சித்தப்பா. "சேர்த்து வைச்சால்தான் சண்டை பிடிக்கும். அதுக்குத்தானே அண்ணை சொன்னனான், ஒண்டாய்க் கட்டச் சொல்லி. ஒரே பலகையிலை, ஒரு வீட்டுக்குள்ளை, ரெண்டு பெடியளும் பக்கத்திலை பக்கத்திலை இருந்து."

அப்பா செட்டையைத் தூக்கிப் பார்த்தார். "நான் ஒரே அளவு எண்டு விளங்கினன்" என்றார்.

"அளவு சரி அண்ணை. அளவு அச்சொட்டாய்ச் சரி."

அப்பாவின் முகம் எனக்குப் பாவமாக இருந்தது. பிறகு அவர் சொன்னார், நானாவுக்கு இதைச் சொல்லவேண்டாம், அவருடைய மேசையைக் குறைசொன்ன மாதிரி ஆகிவிடும் என்று. நான் மறுநாளே கூட்டாளியிடம் சொன்னேன். வருகிற விடுமுறையில் ஓரிடத்தில் வைத்துக் கட்டுவோம் என்று முடிவெடுத்தோம். உங்கள் வீட்டிலா எங்கள் வீட்டிலா என்ற கேள்வி வந்தபோது இருவரும் ஒரே நேரத்தில் "கரைச்சல்" என்று சொல்லிச் சிரித்தோம். பிறகு சோதினை வந்தது. அவன் கடைக்குப் போனான், நான் படிக்கப் போனேன். அதற்குப் பிறகு நாட்டு நிலைமை உங்களுக்குத் தெரியும். வானத்தில் விமானச் சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்க்கிற காலம் போய், பதுங்குகுழிக்குள் குனிகிற காலம் வந்தது.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் பட்டினத்து முஸ்லிம் சனங்களை ஆயுதம் தூக்கிய இயக்கத்துக்காரர் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். நான் அப்போது கொழும்பில் வேலை. வீட்டில் நடந்ததை அம்மாதான் பிறகு சொன்னார். செய்தி கோப்பாய்க்கு வந்ததும் அப்பா சைக்கிளை எடுத்துப் படலைவரை உருட்டிக்கொண்டு போனாராம். அங்கேயே நின்றாராம். பிறகு திருப்பிக் கொண்டுவந்து சுவரில் சாத்தினாராம்.

"அவை அந்தரப்பட்டு நிக்கிற நேரம், நாங்கள் போய்க் கரைச்சலாய் நிக்கக்கூடாது" என்றாராம்.

பயமும் இருந்திருக்கும். ஆனால் அவர் பயம் என்று சொல்லவில்லை, கரைச்சல் என்றார். பயத்தை மூடி வைக்க அந்தச் சொல்லை எடுத்தாரா, உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. இரண்டும் ஒன்றாய் இருந்திருக்கும். எனக்கு வெகுகாலம் அவர்மேல் கோபம் இருந்தது. கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபடி, "நானா வீட்டை ஒருக்கால் போயிருக்கலாம்" என்று திரும்பத் திரும்பச் சொல்வார். யாரிடம் சொல்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. அதைக் கேட்டபிறகு கோபம் போய்விட்டது, துக்கம்தான் மிச்சம். வாப்பா அதற்கு முன்பே புத்தளத்தில் காலமாகிவிட்டார்.

ரோசாச் செட்டை அந்த ஐப்பசியில் போனது. கடையில் இருந்த உடம்பும் ரேடியோப் பெட்டியும் அதோடு போயின. நீலச் செட்டை தொண்ணூற்றைந்தில் எங்கள் வீட்டாரும் ஊரோடு இடம்பெயர்ந்தபோது அலுமாரிக்கு மேலேயே கிடந்தது. திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை.

இனி இன்றைக்கு வருவோம். கூட்டாளி பட்டினத்துக்குத் திரும்பி வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. நான் பென்சன் எடுத்துக் கோப்பாயில் இருக்கிறேன். கலியாண வீட்டில் கண்டால் கையைப் பிடித்துக்கொண்டு நிற்போம். "ஒருநாள் வாறன்" என்பேன். "நானும் வரவேணும்" என்பான். கோப்பாய்க்கும் பட்டினத்துக்கும் பஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அவன் வீடு திருத்துகிற வேலையில் இருப்பான் என்று நான் போகவில்லை. எனக்குப் பேரப்பிள்ளைகள் வந்து நிற்பார்கள் என்று அவன் வரவில்லை. தகப்பன்மாரிடமிருந்து வேறு சொத்து வந்ததோ இல்லையோ, இது குறையாமல் வந்து சேர்ந்திருக்கிறது.

அவன் குழுவில் கேட்டது கிட்டைப் பற்றி மட்டும் என்று நீங்கள் நினைத்தீர்கள். நானும் இரண்டு நாள் அப்படித்தான் நினைத்தேன்.

ஆகவே, மச்சான், உன் கேள்விக்கு என் பதில். கனடாக்காரன் சொல்வது முழுக்கச் சரி, முதல் தரம் கட்டுகிறவன் பைப்ளேன் எடுக்கக்கூடாது. ஆனால் நீ முதல் தரம் கட்டுகிறவன் இல்லை, பைப்ளேனையே எடு. மிகச் சின்னது வேண்டாம், அது தும்பி மாதிரிப் பதறும். செட்டையின் கீழ்ப்பக்கம் தட்டையாக இருக்கிறதா பார், அப்போதுதான் மெதுவாகப் பறக்கும், பலகையில் படுக்கவைத்துக் கட்டவும் சுகம். இரண்டு செட்டையும் ஒரே நீளம், தூண்கள் குறைவு, உடம்பு பாரமில்லாதது. இப்போது விலாக்களை இயந்திரமே வெட்டி அனுப்புகிறது, நம்முடைய கண்ணுக்கு அது பெரிய உதவி. மோட்டரும் பற்றறிதான். ஆமணக்கெண்ணெய் மணம் வராதே என்பதுதான் ஒரு குறை, அதற்கு நான் ஒரு போத்தல் கொண்டு வருகிறேன், மணந்து பார்ப்போம். ரிசுப் பேப்பர் நிறத்தைப் பற்றிச் சண்டை வேண்டாம். எனக்கு நீலம், உனக்கு ரோசா.

கடைசியாக ஒன்று. பெட்டி வந்தால் நீ தனியாக உடைக்காதே. வரைபடத்தை வெட்டாதே. உன் வீட்டு மேசை முறுகியிருந்தாலும் பரவாயில்லை, இரண்டு செட்டையும் அதே முறுகலைப் படித்துக்கொள்ளட்டும், தங்களுக்குள் ஒத்துப்போகும். என் அப்பா படலைவரை கொண்டுபோன சைக்கிள் இப்போது இல்லை, நான் பஸ்ஸில் வருவேன்.

சனிக்கிழமை வாறன், மச்சான். கரைச்சல் குடுக்கத்தான் வாறன்.